ராணியின் காதுக்குப் பின்னால் ஒரு ரோஜா: எலிசபெத் கால ஆறு பென்ஸை வாசிக்க முழுமையான வழிகாட்டி

இயந்திரத்தில் அடித்த காசுகளைச் சேர்த்துப் பழகியவர்கள், சம்மட்டியால் அடித்த வெள்ளிக்காசை முதல்முறை கையில் வாங்கும்போது பெரும்பாலும் மனம் சோர்ந்துபோகிறார்கள். வட்டம் சரியான வட்டமாக இல்லை. ராணியின் முகம் வழித்துவிட்டாற்போல் இருக்கிறது. சுற்றெழுத்தில் பாதி, விளிம்போடு போய்விட்டது. தேய்ந்துபோன காசைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தக் காசை வாங்கி ஓர் ஆண்டு கழித்துத்தான், அது அதிகம் தேயவே இல்லை, அடித்த அன்றே அப்படித்தான் பிறந்தது என்று புரிந்தது.

இந்தக் காசுகளில் தெரியும் குறைகளில் சில, காசு அடிக்கும் கூடமான அக்கசாலையின் தொழிலாளியின் கை செய்தவை. சில, நூறாண்டுக்கும் மேலாகப் பைக்குப் பை மாறியதால் வந்தவை. இன்னும் சில திருட்டுக் கத்தரியின் வேலை. எது யாருடைய வேலை என்று பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் சம்மட்டிக் காசை வாசிப்பது. இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

ஐரோப்பா முழுவதையும் ஒரே கட்டுரையில் பிடிக்க முடியாது. அதனால் ஒரே காசை எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்து ஆறு பென்ஸ். 1561-இல் தொடங்கி 1602 வரை அடித்தார்கள். ஆண்டு பொறித்திருக்கும், அக்கசாலைக் குறி இருக்கும், இன்றும் நிறையக் கிடைக்கிறது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்பது என் கருத்து.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், விட்டம் அளக்க வெர்னியர், கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு, ஒரு நோட்டு. பாலிஷ், அமிலம், பிரஷ் எதுவும் மேசைப் பக்கமே வரக்கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

முதலில், காசு எப்படிப் பிறந்தது

இதைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது.

இடம், லண்டன் கோட்டைக்குள் இருந்த அக்கசாலை. வெள்ளியோடு கொஞ்சம் செம்பு சேர்த்து உருக்குவார்கள். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, மீதி செம்பு என்பது அங்கே பழைய வழக்கம். நம் ஊர் வெள்ளிக்கடையில் ‘925 வெள்ளி’ என்று சொல்கிறார்களே, அதே மாற்றுதான். எலிசபெத் ஆட்சியில் சில ஆண்டுகள் இது சற்றே குறைந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அல்ல.

உருக்கியதைப் பட்டையாக வார்த்து, தேவையான கனத்துக்குத் தட்டி, கத்தரியால் துண்டு போட்டு, ஓரம் வெட்டி வட்டமாக்கி, எடை பார்த்து, தீயில் காய்ச்சி மென்மையாக்கி, கறுப்பு போகக் கழுவி எடுப்பார்கள். இதுதான் வெற்றுத்தகடு. அப்புறம் அச்சு. கீழ் அச்சின் அடியில் கூரான முனை இருக்கும். அதை மரக்கட்டையில் அறைந்து நிறுத்துவார்கள். மேல் அச்சைத் தொழிலாளி கையில் பிடித்துக்கொள்வார். நடுவில் தகடு. மேலிருந்து சம்மட்டி அடி. அவ்வளவுதான்.

ராணியின் தலை பெரும்பாலும் கீழ் அச்சில் இருக்கும். அடியை நேராக வாங்குவது மேல் அச்சு. அதுதான் சீக்கிரம் தேயும், வெடிக்கும். முகம் செதுக்குவது கடினம், பின்பக்கத்தில் வரும் கேடயம் செதுக்குவது எளிது. எளிதாக மாற்றக்கூடியதை மேலே வைத்தார்கள். அச்சு வெட்டும் வேலையும் முழுக்கக் கையால் கோடு இழுப்பதல்ல. முகத்துக்கு ஒன்று, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்று என்று எஃகுக் குத்தூசிகளை முதலில் செய்துகொண்டு, அவற்றை அச்சின்மேல் அறைந்து பதிப்பார்கள். ஆட்சியின் பெரும்பகுதி, 1599 வரை, தலைமை அச்சு வெட்டியாக இருந்தவர் டெரிக் அந்தோனி. உங்கள் கையில் இருக்கும் காசின் முகம் அநேகமாக அவருடைய பட்டறையில் பிறந்ததுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தகடு சற்று நகர்ந்திருந்தால் படம் ஒரு பக்கமாக ஒதுங்கும். தகட்டில் ஓரிடம் மெலிந்திருந்தால் அங்கே இரு பக்கமும் படம் விழாது. முதல் அடி போதாமல் இரண்டாவது அடி அடிக்கும்போது அச்சு துளி திரும்பினால் எழுத்து இரட்டையாகத் தெரியும். மேல் அச்சைக் கையில் எப்படிப் பிடித்தாரோ அப்படித்தான் பின்பக்கம் விழும். தலைக்கும் கேடயத்துக்கும் இடையே நேர்ப்பொருத்தம் எதிர்பார்க்கக் கூடாது. இவை எதுவும் சேதமல்ல.

படி 1: கண்ணுக்கு முன் தராசு

காசைப் பார்க்கும் முன் எடை போடுங்கள். படம் நம்மை மயக்கும், எடை மயக்காது.

கணக்கு இது. டிராய் பவுண்டும் கிரெயினும் அன்றைய எடை அளவுகள். ஒரு டிராய் பவுண்டு வெள்ளி 5760 கிரெயின். அதிலிருந்து 60 ஷில்லிங் அடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆக ஒரு ஷில்லிங்குக்கு 96 கிரெயின், அதாவது 6.22 கிராம். ஆறு பென்ஸ் என்பது அரை ஷில்லிங், 3.11 கிராம். 1601 முதல் அதே பவுண்டிலிருந்து 62 ஷில்லிங் அடித்தார்கள். அப்போது ஆறு பென்ஸ் 3.01 கிராமுக்கு இறங்கியது.

நடைமுறையில் 2.6-இலிருந்து 3.1 வரை வந்தால் நல்ல காசு என்பேன். ஒவ்வொரு தகட்டையும் கத்தரியால் வெட்டிச் சரிசெய்தவர்கள் அவர்கள். துளி கூடவும் குறையவும் இருக்கும். 2.4-க்குக் கீழே போனால் வெட்டுப்பட்டதா, மிகவும் தேய்ந்ததா, போலியா என்று கேள்வி எழ வேண்டும். 3.3-க்கு மேலே போனாலும் அதே சந்தேகம் வர வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த எடைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி, போருக்கும் ஆடம்பரத்துக்கும் பணம் போதாமல், 1544 முதல் நாணயத்தில் செம்பை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளி. மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1551-இல், அதுவும் குறைந்து நான்கில் ஒரு பங்கானது. மேலே மட்டும் வெள்ளிப் பூச்சுப் போல மினுங்கும். ஹென்றியின் முகம் நேராகப் பார்ப்பது; அதில் மூக்குதான் மேடு. புழங்கப் புழங்க மூக்கு நுனியில் வெள்ளி தேய்ந்து சிவப்பு தெரியும். ‘செம்பு மூக்கர்’ என்று மக்கள் அவரைக் கூப்பிட்டார்கள். யாரும் அரசன் காசை நம்பவில்லை. விலைவாசி ஏறியது, நல்ல காசைப் பதுக்கினார்கள்.

எலிசபெத் 1558 நவம்பரில் அரியணை ஏறி இரண்டே ஆண்டுகளில் இதைக் கையில் எடுத்தார். எட்வர்ட் காலத்து மாற்றுக் குறைந்த ஷில்லிங்குகளைப் பிரித்து, சுமாரானதில் கோட்டை வாயிலின் இரும்புக் கிராதியையும், மோசமானதில் வேட்டை நாயையும் முத்திரையாகக் குத்தச் சொன்னார். கிராதி குத்தியது நாலரை பென்ஸ், நாய் குத்தியது இரண்டேகால் பென்ஸ். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம். இது இடைக்கால ஏற்பாடுதான். 1560, 1561-இல் அந்தக் கலப்படக் காசையெல்லாம் திரும்ப வாங்கி, உருக்கிப் பிரித்து, நல்ல வெள்ளியாக மீண்டும் அடித்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவர் கல்லறையில் பொறித்த புகழுரையில், நாணயத்தை அதன் உரிய மதிப்புக்கு மீட்டதும் ஒரு சாதனையாக இடம்பெற்றிருக்கிறது. தராசில் 3 கிராம் சொச்சம் காட்டும்போது எனக்கு அந்தக் கல்லறைதான் நினைவுக்கு வரும்.

படி 2: யாருடைய காசு, எந்தக் காசு?

முன்பக்கம், கிரீடம் வைத்த ராணி இடது பக்கம் பார்க்கிறார். தலைக்குப் பின்னால், காதுக்கு நேரே, ஐந்து இதழ் ரோஜா. இது டியூடர் வம்சத்தின் ரோஜா. பின்பக்கம், நான்கு பகுதியாகப் பிரித்த கேடயம். அதன் பின்னிருந்து நாலாபுறமும் நீளும் சிலுவை. கேடயத்துக்கு மேலே ஆண்டு.

ரோஜா அழகுக்காக வைத்ததல்ல. 1561-இல் ஆறு பென்ஸ், மூன்று பென்ஸ், ஒன்றரைப் பென்ஸ், முக்கால் பென்ஸ் என்று எலிசபெத் ஆட்சியில் அதுவரை அடிக்காத நான்கு காசுகளைக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே நாலு பென்ஸ், இரண்டு பென்ஸ், ஒரு பென்னி புழக்கத்தில் இருந்தன. எல்லாவற்றிலும் அதே ராணி, அதே கேடயம், அளவிலும் சிறு வித்தியாசம்தான். இருட்டுக் கடையில் மூன்று பென்ஸையும் நாலு பென்ஸையும் எப்படிப் பிரிப்பது? புதிய நான்கிலும் ரோஜாவையும் ஆண்டையும் போட்டார்கள், பழையவற்றில் போடவில்லை. வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று ரோஜா வரும். மிக நல்ல யோசனை அது.

முக்கால் பென்ஸ் எதற்கு என்று கேட்கலாம். கால் பென்னிக்கு வெள்ளியில் காசு அடித்தால் கையில் நிற்காத அளவு பொடியாகிவிடும். அதனால் கால் பென்னிப் பொருள் வாங்குபவர் ஒரு பென்னியைக் கொடுத்து, முக்கால் பென்ஸைச் சில்லறையாக வாங்கிக்கொள்ளலாம். இல்லாத காசுக்கு இருக்கும் காசுகளாலேயே வழி செய்துவிட்டார்கள்.

எடையை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ரோஜா உள்ளவற்றில் ஆறு பென்ஸ் 3.11 கிராம், மூன்று பென்ஸ் 1.55, ஒன்றரைப் பென்ஸ் 0.78, முக்கால் பென்ஸ் 0.39. ரோஜா இல்லாதவற்றில் ஷில்லிங் 6.22, நாலு பென்ஸ் 2.07, இரண்டு பென்ஸ் 1.04, பென்னி 0.52. ஆறு பென்ஸின் விட்டம் சுமார் 25-இலிருந்து 27 மில்லிமீட்டர். ஷில்லிங் 30-ஐத் தாண்டும்.

அக்காலத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நாடக அரங்கில் நின்றுகொண்டு பார்க்க ஒரு பென்னி போதும். ஆறு பென்ஸ் ஏழைக்குச் சின்னக் காசு அல்ல.

முன்பக்கச் சுற்றெழுத்து, கடவுள் அருளால் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து நாடுகளின் ராணி எலிசபெத் என்று லத்தீனில் சொல்கிறது. இடத்துக்கேற்பச் சொற்களைச் சுருக்கியிருப்பார்கள். பிரான்ஸில் கடைசியாகக் கையிலிருந்த கலே நகரத்தை 1558 ஜனவரியிலேயே இழந்துவிட்டார்கள். ஆனால் பட்டத்தை விடவில்லை. கேடயத்திலும் இரண்டு கட்டங்களில் பிரான்ஸின் அல்லி மலர்கள், இரண்டில் இங்கிலாந்தின் சிங்கங்கள். பின்பக்கச் சுற்றெழுத்து ‘போசுயி தேயும் அத்யூதோரெம் மேயும்’. கடவுளை என் துணையாகக் கொண்டேன் என்று பொருள்.

குழப்பம் வரக்கூடிய அக்கம்பக்கத்து ஆட்சிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். எட்வர்டின் நல்ல வெள்ளி ஆறு பென்ஸில் முகம் நேராகப் பார்க்கும். ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் ரோமன் எண்ணில் ஆறு. 1554-இல் வந்த மேரி, பிலிப் காசில் கணவனும் மனைவியும் முகத்துக்கு முகம் பார்ப்பார்கள். எலிசபெத்துக்குப் பின் 1603-இல் வந்த முதலாம் ஜேம்ஸ் தாடிக்காரர். தலைக்குப் பின்னால் ரோஜாவுக்குப் பதில் ரோமன் ஆறு. அவர் ஸ்காட்லாந்துக்கும் அரசர் என்பதால் கேடயத்தில் ஸ்காட்லாந்தின் சிங்கமும் அயர்லாந்தின் யாழும் சேர்ந்துகொண்டன. முகமே தெரியாத காசில்கூடக் கேடயத்தில் யாழ் தெரிந்தால் இது எலிசபெத்தின் இங்கிலாந்துக் காசு அல்ல என்று சொல்லிவிடலாம். அவர் அயர்லாந்துக்கென்று தனியாக அடித்தவற்றில் மட்டும் யாழ் உண்டு.

இன்னொன்று: காசு அச்சடித்தாற்போல் வட்டமாக, படம் நட்டநடுவில், அழகாக இருந்தால் அது இயந்திரக் காசாக இருக்கலாம். எலோய் மெஸ்திரெல் என்ற பிரெஞ்சுக்காரர் 1561 முதல் சுமார் பத்து ஆண்டுகள் அதே கோட்டைக்குள் இயந்திரத்தில் ஆறு பென்ஸ் அடித்தார். அழகு கூடுதல், வேகம் குறைவு. சம்மட்டிக்காரர்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, அந்த முயற்சி நின்றுபோனது. பின்னால் கள்ளக்காசு வழக்கில் மாட்டி 1578-இல் நாரிச்சில் தூக்கிலிடப்பட்டார். மனிதர் முடிவு பரிதாபமானது. அவர் காசுகள் இன்றும் அவ்வளவு அழகு. இங்கிலாந்தில் சம்மட்டியை முழுமையாகக் கீழே வைக்க 1662 வரை ஆனது.

படி 3: ஆண்டும் குறியும்

விளக்கைத் தாழ்த்தி, ஒளி பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். நேர் ஒளியில் காணாத எண்கள் சாய்ந்த ஒளியில் நிழலாக எழும்பும். காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் தெரியாத இலக்கம் இன்னொரு கோணத்தில் பிடிபடும்.

ஆண்டு கேடயத்துக்கு மேலே. அக்கசாலைக் குறி இரண்டு பக்கமும் சுற்றெழுத்து தொடங்கும் இடத்தில். அதன் வேலை என்ன? அடிக்கும் காசில் கொஞ்சத்தை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவைப்பார்கள். குறிப்பிட்ட காலம் கழித்து, பொற்கொல்லர்கள் அடங்கிய குழுவின் முன் பெட்டியைத் திறந்து எடையும் மாற்றும் சோதிப்பார்கள். எந்தக் காலத்துக் காசு என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் குறி. சோதனை முடிந்ததும் குறி மாறும்.

ஆறு பென்ஸில் வரும் குறிகள் ஏறத்தாழ இந்த வரிசையில் வருகின்றன. 1561-இல் அம்புமுனை, அது 1565 வரை. பிறகு ரோஜா, கோட்டைக் கிராதி, சிங்கம் என்று 1567-க்குள் வேகமாக மாறும். அடுத்து சிறு கிரீடம், 1569-இல் கோட்டை, 1571-இல் எர்மின் என்ற விலங்கின் மென்மயிர்த் தோலைக் குறிக்கும் குறி, அப்புறம் ஓக் மரக் கொட்டை. 1570-களின் நடுவிலிருந்து 1578 வரை காட்டு ரோஜா. தொடர்ந்து இருவகைச் சிலுவைகள், 1582-இல் வாள். அந்த ஆண்டே மணி. பின்னர் ஆங்கில ‘ஏ’ எழுத்து, 1580-களின் நடுவில் சிப்பி, அதன்பின் பிறை, 1590-ஐ ஒட்டிக் கை, பிறகு பீப்பாய், கம்பளி மூட்டை, சாவி, நங்கூரம். கடைசி மூன்றும் சுலபம்: 1600-க்குச் சுழியம், 1601-க்கு ஒன்று, 1602-க்கு இரண்டு.

சோதனைப் பெட்டி நாட்காட்டியைப் பார்த்துத் திறப்பதல்ல. அதனால் ஒரே ஆண்டில் இரண்டு குறிகள் வரும். 1567-இல் சிங்கமும் உண்டு, சிறு கிரீடமும் உண்டு. 1569-இல் சிறு கிரீடமும் கோட்டையும், 1571-இல் கோட்டையும் எர்மினும். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25 என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் உள்ள பெரிய வசதி, ஒன்று அழிந்தாலும் மற்றது காப்பாற்றும் என்பது. ஆண்டில் முதல் மூன்று இலக்கம் தெரிந்து கடைசி இலக்கம் போயிருந்தால், குறியை வைத்துச் சில ஆண்டுகளுக்குள் கட்டிவிடலாம். மாறாக, ஆண்டும் குறியும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். பிறைக் குறியோடு 1566 என்று ஒரு காசு வந்தால், நீங்கள் ஏதோ தவறாக வாசிக்கிறீர்கள் அல்லது காசில் ஏதோ தவறு இருக்கிறது.

லென்ஸில் பார்க்கும்போது ஓர் எண்ணுக்கு அடியில் இன்னோர் எண்ணின் நிழல் தெரிந்தால் அதை அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அச்சு செய்வது செலவு. ஆண்டு மாறியதும் நல்ல நிலையில் இருந்த பழைய அச்சில் புது இலக்கத்தை மேலே அறைந்து பயன்படுத்தினார்கள், குறியையும் அப்படியே. இப்படிப்பட்ட காசுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

படி 4: குறையைப் பிரித்தறிதல்

மிகப் பொறுமை வேண்டிய படி இதுதான். எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

முகம் மழுங்கியிருக்கிறதா? காசைத் திருப்பி, சரியாக அதே இடத்தின் பின்புறத்தைப் பாருங்கள். அங்கேயும் மழுங்கியிருந்து, மற்ற இடங்களில் எழுத்துகள் கூர்மையாக இருந்தால், அது தேய்மானம் அல்ல, அடி சரியாக விழவில்லை. அச்சில் ராணியின் கன்னம்தான் ஒரு பக்கத்தின் மிக ஆழமான பள்ளம். அதற்கு நேர் எதிரே கேடயத்தின் நடுப்பகுதி. இரண்டு பள்ளத்தையும் நிரப்ப ஒரே இடத்து வெள்ளி போதவில்லை. அதனால்தான் இத்தனை ஆறு பென்ஸ்களில் ராணிக்குக் கன்னமும் தலைமுடியும் மங்கலாக இருக்கின்றன. தேய்மானம் இப்படிப் பொறுக்கி எடுக்காது. மேடுகளையெல்லாம் வழவழப்பாக்கும், எழுத்துகளின் தோளை உருட்டும், எடையையும் குறைக்கும்.

இரட்டை அடியை எழுத்துகளில் தேடுங்கள். ஒவ்வோர் எழுத்தின் ஒரே பக்கத்தில் ஒரே அளவு நிழல் தெரிந்தால் இரண்டாம் அடியில் அச்சு நகர்ந்திருக்கிறது. சிலவற்றில் ராணிக்கு இரண்டு மூக்கு தெரியும்.

விளிம்பில் வெடிப்பு இருப்பது மிகச் சாதாரணம். தட்டும்போதே வெள்ளி பிளந்துவிடும். வெடிப்பின் உள்ளே நிறமும் அழுக்கும் மேற்பரப்பைப் போலவே பழையதாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது கத்தரி. அன்றைய காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளிதான். ஓரத்தில் நகம் அளவு சீவி எடுத்துக்கொண்டு, காசை முழு மதிப்புக்கே மாற்றிவிட்டால், சீவியது லாபம். நூறு காசில் சீவினால் ஒரு கட்டி வெள்ளி. எலிசபெத் காலச் சட்டம் இதை ராஜதுரோகம் என்றது, தண்டனை மரணம். ஆனாலும் நிற்கவில்லை. காசைச் சுற்றி ஓரத்தில் முத்து முத்தாக ஒரு புள்ளி வளையம் இருக்க வேண்டும். அது முழுச் சுற்றும் காணாமல், எழுத்துகளின் தலையும் வெட்டுப்பட்டு, எடையும் இறங்கியிருந்தால் கத்தரி பட்டிருக்கிறது. ஒரு பக்கம் வளையம் போய், எதிர்ப்பக்கம் வளையத்துக்கு வெளியே வெற்று வெள்ளி நீட்டிக்கொண்டிருந்தால், எடையும் சரியாக இருந்தால், அது வெறும் ஒதுங்கிய அடி. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

இந்தக் காசுகள் ராணியின் மரணத்தோடு ஓய்வு பெறவில்லை. 1640-களின் உள்நாட்டுப் போரில் மக்கள் பானையில் போட்டுப் புதைத்த புதையல்களில் எலிசபெத் ஷில்லிங்கும் ஆறு பென்ஸும் ஏராளம். 1696-இல் தொடங்கிய பெரிய மறு அடிப்பில்தான் சம்மட்டி வெள்ளி முழுவதும் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஐசக் நியூட்டன் அக்கசாலைப் பொறுப்புக்கு வந்த ஆண்டு அது. நூறாண்டுக்கு மேல் உழைத்த காசு தேய்ந்திருப்பதில் வியப்பில்லை.

படி 5: உண்மையா, போலியா?

போலி இரண்டு வகை. அக்காலத்துப் போலி: செம்புக் கருவின்மேல் வெள்ளித் தகடு. மேடான இடங்களில் சிவப்பும், விளிம்பில் பச்சைக் களிம்பும் எட்டிப்பார்க்கும். இவற்றுக்கும் வரலாற்று மதிப்பு உண்டு; தெரிந்தே வாங்கினால் தவறில்லை.

இக்காலத்துப் போலிதான் ஆபத்து. பெரும்பாலும் உண்மையான ஒரு காசிலிருந்து வார்ப்பெடுத்திருப்பார்கள். லென்ஸில் பார்த்தால் சமவெளியில் ஊசி குத்தினாற்போல் குமிழித் தடங்கள், எழுத்தின் ஓரங்களில் மெழுகு போன்ற மழுக்கம், விளிம்பைச் சுற்றி மெல்லிய தையல் கோடு. சம்மட்டி அடித்த காசில் உலோகம் நடுவிலிருந்து வெளிப்பக்கம் ஓடிய இழைகள் எழுத்துகளின் அடியில் தெரியும். வார்ப்பில் அந்த ஓட்டம் இருக்காது.

இதைவிட வலுவான சோதனை ஒன்று உண்டு. கையால் அடித்த இரண்டு காசுகள் ஒருபோதும் எல்லா விதத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரே அச்சில் பிறந்திருந்தாலும் ஒதுங்கல், வெடிப்பு, விளிம்பு எல்லாம் மாறும். உங்கள் காசைப் போலவே அதே வெடிப்போடும் அதே கீறலோடும் இன்னொரு காசின் படம் விற்பனைப் பட்டியலில் தென்பட்டால், குறைந்தது ஒன்று வார்ப்பு.

காந்தம் அதிகம் உதவாது. வெள்ளியும் ஒட்டாது, செம்பும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. அடர்த்திச் சோதனை செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுங்கள். 2.90 கிராம் காசுக்குத் தராசு 0.28 காட்டினால் அடர்த்தி 10.36, 925 வெள்ளிக்கு வர வேண்டியதும் அதை ஒட்டித்தான். வெள்ளீயப் போலி என்றால் 0.40 அளவு காட்டும். தராசின் கடைசி இலக்கம் ஒன்று முன்பின் போனாலே விடை 10-க்கும் 10.8-க்கும் இடையில் ஆடும் என்பதால் மூன்று முறை செய்து பாருங்கள். பென்னி, முக்கால் பென்ஸ் போன்ற பொடிக் காசுகளுக்கு இந்த வழி சரிப்படாது.

படி 6: தேய்க்காதீர்கள்

வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. கறுத்த காசைப் பார்த்தால் கை பரபரக்கும். வேண்டாம். திருநீறும் பற்பசையும் வெள்ளியின் மேல்தோலைச் சுரண்டும் மிக நுண்ணிய மணல். ஒருமுறை தேய்த்தால் ஆயிரம் மெல்லிய கீறல்கள், அவை திரும்ப ஆறாது. காசின் மேல் படிந்திருக்கும் சாம்பல் நிறமும் நீலச்சாயலும் வெள்ளியும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்து பல ஆண்டுகளில் போர்த்திய போர்வை. சேகரிப்பாளர்கள் அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். என் இரண்டாவது ஆறு பென்ஸை நானே பளபளவென்று ஆக்கிக் கெடுத்தேன். ராணியின் முகத்தில் அந்தக் கீறல்கள் இப்போதும் இருக்கின்றன.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வைக்கும் உறை முக்கியம்: மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினை விடும். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் உள்ளவை, பக்கத்தில் வைக்காதீர்கள். கடலோர ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். காசைப் பிடிப்பது எப்போதும் விளிம்பில்.

படி 7: வாங்கும்போது

முகத்துக்கு முதலிடம் கொடுங்கள். ஆண்டு தெளிவாகவும் முகம் தட்டையாகவும் உள்ள காசும், முகம் உயிரோடும் ஓரம் கொஞ்சம் போயும் உள்ள காசும் ஒரே விலைக்கு வந்தால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். கண்ணும் மூக்கும் தெளிந்த ராணியைக் கண்டுபிடிப்பது கடினம். துளையிட்டு அடைத்தது, பதக்கமாக மாட்டிய கொக்கியைக் கழற்றியது ஆகியவற்றை விளிம்பிலும் தலைக்கு மேலேயும் தேடிப் பாருங்கள்.

எடை சொல்லாத விற்பனையாளரிடம் எடை கேளுங்கள். சொல்ல மறுத்தால் விலகுங்கள். காசு எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் நிலத்துக்கடியில் ஒரே இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட, 300 ஆண்டு தாண்டிய வெள்ளிக் காசுகள் கிடைத்தால், 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அறிவித்தே ஆக வேண்டும். தனியாகக் கிடைப்பவற்றையும் பலர் விரும்பிப் பதிவு செய்கிறார்கள். ‘போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்’ என்ற அந்தப் பதிவுத் தளத்தில் படம், எடை, விட்டத்தோடு இலவசமாகப் பார்க்கலாம். கண்ணைப் பழக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. வாங்குவதற்கு முன் அங்கே ஐம்பது ஆறு பென்ஸையாவது பார்த்துவிடுங்கள்.

ஆசியப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் ஒரு காசின் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். 1600 டிசம்பர் 31-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கிடைத்தது. ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் 1601-இல் கிளம்பிய முதல் பயணத்துக்கென்று, ராணியின் தலை இல்லாமல், ஒரு பக்கம் அரச கேடயமும் மறுபக்கம் கோட்டைக் கிராதியும் போட்டுத் தனிக் காசு அடித்தார்கள். கிழக்குச் சந்தைகள் நம்பியது ஸ்பெயினின் எட்டு ரியால் காசைத்தான். அதன் எடைக்கு ஈடாக இதைச் செய்தார்கள். பெரிய காசு சுமார் 27 கிராம். மிக அரிது, விலையும் மிக அதிகம். படத்தில் பார்த்து மகிழ்வதோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

படி 8: சீட்டு எழுதுங்கள்

ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு. அன்றே எழுதுங்கள், நாளைக்கு என்று தள்ளினால் மறந்துவிடும். தலையை நேராக வைத்துக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் கேடயம் எத்தனை மணித் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதையும் குறியுங்கள். அந்தத் தொழிலாளி மேல் அச்சை அன்று எப்படிப் பிடித்திருந்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே பதிவு அதுதான். என் சீட்டு ஒன்று இப்படி இருக்கிறது:

முதலாம் எலிசபெத், ஆறு பென்ஸ், லண்டன் கோட்டை. ஆண்டு 1569. குறி: சிறு கிரீடம், இரு பக்கமும். எடை 2.87 கிராம். விட்டம் 26 மி.மீ. கேடயம் 4 மணித் திசை. படம் இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் புள்ளி வளையத்துக்கு வெளியே வெற்று வெள்ளி. கத்தரி படவில்லை. கன்னம் மங்கல், பின்பக்கம் அதே இடமும் மங்கல்: அடி பலவீனம். ‘ரெஜினா’ (ராணி) என்ற சொல்லில் இரட்டை அடி. ரோஜாவின் ஐந்து இதழும் முழுமை.